வேன் குடித்த தண்ணீர் எங்கே போனது?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், சத்துமாவு தயாரிக்கும் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்களைச் சத்துமாவு வியாபாரம் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் போன கூட்டத்தில் நாலு குழுக்காரங்க எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வேன் மேட்டுல சூடாகி நின்னுபோச்சாமே, என்ன ஆச்சு? நாங்களும் பழைய வண்டி ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம்" என்று கேட்டார்கள். மாவு அரைக்கிறதைப் பற்றி ஒருத்தரும் கேட்கலை. அதனால் தலைவி அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வேனைப் பற்றியே பேசிவிடுகிறோம். இதில் எங்கள் குழு செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று குழுவில் பேசி முடிவெடுத்துத்தான் வந்திருக்கிறோம்.

நாங்கள் 12 பேர். ஊர் நல்லம்பள்ளிப் பக்கம். 2019-ல் வங்கிக் கடனோடு எங்கள் சேமிப்பையும் சேர்த்து 1 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு டீசல் வேன் வாங்கினோம். 2010 மாடல். முன்னால் மூணு பேர் உட்காரலாம், பின்னால் மூட்டை ஏற்றலாம். எங்கள் குழுவிலேயே ஒரு தங்கச்சி லைசென்ஸ் எடுத்தவள். அவளே ஓட்டுகிறாள், மாதம் 6,000 சம்பளம் கொடுக்கிறோம். வாரம் ஒருமுறை சேலம் லீ பஜாருக்குப் போய் கோதுமை, பொட்டுக்கடலை, மல்லி, மிளகாய் வாங்கி வருவோம். மற்ற நாளில் மாவுப் பாக்கெட் எடுத்துக்கொண்டு தர்மபுரி, பாலக்கோடு என்று கடைகளுக்குப் போகும்.

வாங்கி ஒரு வருசம் பிரச்சினை இல்லை. அப்புறம் தண்ணி குறைய ஆரம்பித்தது. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும், அதில் ரெண்டு கோடு போட்டிருக்கும். மேல் கோடு வரைக்கும் ஊற்றினால் நாலு நாளில் கீழ் கோட்டுக்கு வந்துவிடும். ஊரில் வண்டி வைத்திருக்கிற அண்ணன்மார்களைக் கேட்டோம். "பழைய வண்டின்னா தண்ணி குடிக்கத்தான் செய்யும், ஊத்திக்கிட்டே ஓட்டுங்க" என்றார்கள். சரி, குடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஊற்றியது எங்கள் வீட்டு போர் தண்ணி. நம்ம ஜில்லா போர் தண்ணி எப்படின்னு உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு மாதம் வெந்நீர் வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஓடு பிடித்துவிடும். அந்தத் தண்ணியை ரெண்டு வருசத்துக்கு மேல் எஞ்சினுக்கு ஊற்றினோம்.

2023 சித்திரை மாதம். தங்கச்சியும், எங்கள் மூத்த அக்காவும், கணக்கு எழுதுகிற பொண்ணும் சேலம் போய் 14 மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். ஓமலூர், தீவட்டிப்பட்டி தாண்டும்வரை ஒன்றும் இல்லை. தொப்பூர் கணவாய் ஏற ஆரம்பித்ததும் சூடு காட்டுகிற முள் மேலே ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மூணு பேருக்கும் பயம். வண்டியை ஓரம் கட்டலாமா என்று பேசிக்கொண்டு இருக்கும்போதே முள் தானாகக் கீழே விழுந்து, காலையில் வண்டி எடுக்கும்போது நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டது. "அப்பாடா, ஆறிடுச்சு" என்று சந்தோசப்பட்டு மேலே ஓட்டினார்கள்.

சகோதரிகளே, இதை மட்டும் நல்லா மனசில் வையுங்க. மேடு ஏறும்போது சிவப்பில் இருந்த முள் பொசுக்கென்று கீழே விழுந்தால் எஞ்சின் ஆறவில்லை. அந்த முள்ளுக்குச் சேதி சொல்கிற சின்னக் கருவி தண்ணிக்குள் முங்கி இருக்கவேண்டும். தண்ணி முழுக்கத் தீர்ந்து அது அந்தரத்தில் நின்றால், பல வண்டிகளில் முள் கீழே வந்துவிடும். சோறு தீயும்போது கரண்டியை வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சூடில்லை என்று சொல்கிற மாதிரிதான்.

கொஞ்ச தூரத்திலேயே முன்பக்கம் புகை மாதிரி ஆவி கிளம்பியது. தங்கச்சி உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டாள். அவள் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைக்கப் போன நேரத்தில், மூத்த அக்கா பதட்டத்தில் தண்ணி ஊற்றலாம் என்று முந்தானையைக் கையில் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். உள்ளே இருந்த கொதிநீரும் ஆவியும் பீறிக்கொண்டு வந்து முழங்கை வரைக்கும் வெந்துபோனது. நல்லகாலம், முகத்தில் படவில்லை. பின்னால் வந்த லாரி நின்றது. கிளீனர் தம்பி கேனோடு ஓடிவந்து கையில் தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தான். யாரோ பற்பசை தடவச் சொன்னார்கள். அந்தத் தம்பி விடவில்லை, "வெறும் தண்ணி மட்டும்தான்க்கா" என்று இருபது நிமிசத்துக்கு மேல் ஊற்றினான். ஆஸ்பத்திரியிலும் அதுதான் சரி என்றார்கள். அக்காவின் கை ஆற ஒன்றரை மாதம் ஆனது. அந்தத் தம்பி பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நாங்கள்.

மூடி ஏன் அப்படிப் பீறியது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பிற்பாடு தெரிந்தது, அது நம்ம குக்கர் சமாச்சாரம்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணி 100 டிகிரியில் கொதிக்கும். குக்கரில் ஆவியை அடைத்து வைப்பதால் 120 டிகிரி பக்கம் போனாலும் கொதிக்காமல் நிற்கும். ரேடியேட்டர் மூடியும் அதே மாதிரி அழுத்தத்தை அடைத்து வைக்கிறது. அதில் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பரும் இருக்கும். விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்போமா? எஞ்சின் ஆற அரைமணி, முக்கால் மணி, பெரிய வண்டியானால் இன்னும் கூட ஆகும். மேல் ஓஸைத் துணி வைத்து லேசாக அமுக்கிப் பார்த்தால் கல்லு மாதிரி விறைப்பாக இருக்கக்கூடாது, தளர்ந்து இருக்கவேண்டும். அப்புறம்தான் மூடியில் கை வைக்கணும். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணியை மடமடவென்று ஊற்றவும் கூடாது, இரும்பு விரிசல் விட்டுவிடும்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் மூடியைக்கூடத் திறந்து பார்க்கலை. ஆவி வந்தது என்று சொன்னதுமே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், எஞ்சினை இறக்கணும், 38,000 ஆகும்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி அவசரக் கூட்டம் போட்டோம். கடன் தவணை ஒரு பக்கம், அக்கா கை ஒரு பக்கம், 38,000 ஒரு பக்கம். யார் மேலாவது கோபத்தைக் காட்டவேண்டும் இல்லையா? தங்கச்சி மேல் காட்டினோம். "நீ தண்ணி பார்க்கலை. சம்பளம் வாங்குற, அதுகூடப் பார்க்க மாட்டியா?" என்று ஆளாளுக்குப் பேசினோம். மாதம் 500 ரூபாய் அவள் சம்பளத்தில் பிடிக்கவேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதி, அவளிடமும் கையெழுத்து வாங்கினோம். அவள் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் மகனுடைய பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் எட்டு மாதமாக அவள் ஊற்றிய தண்ணி அத்தனையும் தேதி போட்டு எழுதியிருந்தது. திங்கள், பாலக்கோடு, கால் லிட்டர். செவ்வாய், வண்டி எடுக்கலை, ஊற்றலை. வியாழன், சேலம், மூட்டையோடு, ஒன்றே கால் லிட்டர். கடைசி மாதத்தில் சேலம் நடைக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் போயிருந்தது. நடுவில் ரெண்டு இடத்தில் "கூட்டத்தில் சொன்னேன்" என்று எழுதியிருந்தது. எங்கள் தீர்மான நோட்டைப் புரட்டினோம். அந்த ரெண்டு கூட்டத்திலும் சேமிப்பு, உள்கடன், சந்தா எல்லாம் எழுதியிருக்கிறது. அவள் சொன்னது எழுதப்படவில்லை. நாங்கள் கேட்டதாகவே யாருக்கும் ஞாபகம் இல்லை.

கணக்கு எழுதுகிற பொண்ணு அந்த நோட்டை ரெண்டு தரம் படித்துவிட்டு ஒன்று சொன்னாள். "நம்ம ரொக்கப் புத்தகத்துல 50 ரூபா குறைஞ்சா பெட்டி குடிச்சிடுச்சுன்னு விட்டுருவோமா? எங்க போச்சுன்னு தேடுவோம்ல?" ரேடியேட்டர் தண்ணியும் அப்படித்தான். டீசல் மாதிரி அது எரிந்து தீர்கிற பொருள் இல்லை. ரேடியேட்டரில் இருந்து எஞ்சினுக்கு, எஞ்சினில் இருந்து ரேடியேட்டருக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. தொடர்ந்து குறைகிறது என்றால் வெளியே கசிகிறது, இல்லையென்றால் எஞ்சினுக்கு உள்ளே போகிறது. மூன்றாவது வழி இல்லை. எங்கே என்று பார்க்காமல் எஞ்சினை ஏன் பிரிக்கவேண்டும்?

தர்மபுரியில் இன்னொரு மெக்கானிக்கிடம் போனோம், வயசானவர். நோட்டை வாங்கிப் படித்தார். "யாரும்மா எழுதினது?" என்று கேட்டார். தங்கச்சியைக் காட்டினோம். "நின்ன வண்டியில குறையல, ஓடினா குறையுது, பாரம் ஏத்தினா அதிகம் குறையுது. பாதி வேலையை இந்தப் பொண்ணே பார்த்துட்டா" என்றார். எங்களுக்கு நிமிர்ந்து பார்க்க முடியலை.

அவர் பார்த்த விதத்தைச் சொல்கிறோம். நீங்கள் மெக்கானிக்கிடம் போகும்போது இதெல்லாம் பார்த்தீங்களா என்று கேட்பதற்கு உதவும்.

முதலில் ஆறிய எஞ்சினில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். கேஸ்கெட் போய்த் தண்ணி உள்ளே இறங்கியிருந்தால் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி வெளுத்துப்போகும். எங்களுடையது கறுப்பாகத்தான் இருந்தது. அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரைக்கும் தண்ணி நிரப்பி, மூடாமலே எஞ்சினை ஓடவிட்டார். கொஞ்ச நேரம் ரெண்டு மூணு குமிழி வரும், அது உள்ளே அடைபட்ட காற்று. அதுக்கப்புறமும் சோடா மாதிரி குமிழி விடாமல் வந்தால்தான் எஞ்சினில் எரிகிற வாயு தண்ணிக்குள் புகுகிறது என்று அர்த்தம். எங்களுக்கு அப்படி வரலை. பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்க்கச் சொன்னார். வண்டி நன்றாகச் சூடான பிறகும் வெள்ளையாக, தித்திப்பு வாசனையோடு புகை வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் உள்ளே எரிகிறது. அதுவும் இல்லை. காலையில் வண்டியை எடுத்த ரெண்டு நிமிசத்திலேயே ஓஸ் விறைத்துப் போவதும் கேஸ்கெட்டுக்கு அடையாளமாம். இந்த நாலும் இல்லை என்றதும், "38,000 இப்ப வேண்டாம். வெளியே தேடுவோம்" என்றார். உறுதியாகத் தெரிய ஒரு ரசாயனச் சோதனையும் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைப்பார்கள், எஞ்சின் வாயு கலந்திருந்தால் நிறம் மாறும். சந்தேகம் தீரவில்லை என்றால் அதையும் செய்யச் சொல்லிக் கேளுங்க.

வெளியே எப்படித் தேடினார் தெரியுமா? மூடி இருந்த இடத்தில் சைக்கிள் பம்பு மாதிரி ஒன்றை மாட்டி, மூடி தாங்க வேண்டிய அளவுக்கே காற்று ஏற்றினார். எங்கள் மூடியில் 0.9 என்று போட்டிருந்தது. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ஓஸும் பிய்ந்துவிடுமாம். பம்பில் ஒரு முள் இருக்கிறது. கசிவு இல்லை என்றால் பத்து நிமிசம் ஆனாலும் முள் அசையக்கூடாது. எங்களுடையது இறங்கிக்கொண்டே வந்தது. டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போய், தண்ணி பம்புக்குக் கீழே நிறுத்தினார். அங்கே ஊசி ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துவாரம் ஒன்று. அதில் இருந்து சொட்டு சொட்டாக வந்தது. சுற்றிலும் காய்ந்த உப்புக் கறை.

அந்தத் துவாரத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்களாம். பம்புக்குள் இருக்கிற சீல் தேய்ந்தால் அதன் வழியாகத் தண்ணி வெளியே வந்து சேதி சொல்லும். அதைப் பசை போட்டு அடைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அடைத்தால் தண்ணி பேரிங்குக்குப் போய் பம்பே சிக்கிக்கொள்ளும். நின்ற வண்டியில் ஏன் குறையலை என்றால், ஆறியிருக்கும்போது அழுத்தம் இல்லை, கசியாது. ஓடும்போது கசிவது சூட்டில் ஆவியாகிவிடும், தரையில் ஒரு சொட்டு விழாது. எட்டு மாதம் நாங்கள் வாசலில் ஈரம் தேடியது இதனால்தான் வீணாகிப் போனது.

ரெண்டாவது மூடி. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. தேய்ந்த கேஸ்கெட் போட்ட குக்கர் மாதிரி அழுத்தம் நிற்காமல், தண்ணி சீக்கிரமே கொதித்துப் பாட்டிலுக்குப் போய் அங்கிருந்து வெளியே வழிந்திருக்கிறது. அந்த மூடியில் இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சின் ஆறும்போது பாட்டிலில் இருக்கிற தண்ணியைத் திரும்ப ரேடியேட்டருக்குள் உறிஞ்ச விடும். மூடி கெட்டால் பாட்டில் நிறைந்து இருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். பாட்டிலை மட்டும் பார்த்து ஏமாறுவது இப்படித்தான். விலை 220 ரூபாய்.

மூன்றாவது எங்கள் போர் தண்ணி. ரேடியேட்டருக்குள் ஏகப்பட்ட மெல்லிய குழாய்கள், அதில் சூடான தண்ணி இறங்கும்போதுதான் காற்றுப் பட்டு ஆறும். எங்கள் ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்துக் காட்டினார். கீழ்ப்பக்கக் குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளைக் கல் அடைத்திருந்தது. சமதரையில் ஓடும்போது மிச்சக் குழாய்களே போதும். மேட்டில், பாரத்தோடு, சித்திரை வெயிலில் போதாது. வெளிப்பக்கம் இடுக்குகளில் தூசியும் பூச்சியும் நம்ம மாவுத் தவிடும் அப்பியிருந்தது. அதைப் பம்பு போட்டு வேகமாக அடிக்கக்கூடாது, தகடு மடங்கிவிடும். உள்பக்கம் இருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணி விட்டுக் கழுவவேண்டும்.

நாலாவதைக் கேட்டால் சிரிப்பீங்க. தெர்மோஸ்டாட் என்று ஒரு சாமான் இருக்கவேண்டிய இடத்தில் சாமானே இல்லை. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார். நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று பல பேர் கழற்றிவிடுகிறார்களாம். அது எஞ்சின் குளிர்ந்து இருக்கும்போது தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து, 80, 90 டிகிரிக்குள் தானாகத் திறக்கும் கதவு. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும், டீசல் அதிகம் செலவாகும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் ஒரு பங்குத் தண்ணி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும், அதனால் மேட்டில் சூடாகவும் செய்யும். எங்களுடையது அந்த வகை. புதுசு வாங்கியதும் மெக்கானிக் ஒரு பழைய சொம்பில் தண்ணி வைத்து, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றினார். தண்ணி கொதிக்கும் முன்னாலேயே கதவு மெதுவாகத் திறந்தது. இந்தச் சோதனையை நாம் வீட்டிலேயே செய்யலாம். சமைக்கிற பாத்திரத்தில் மட்டும் வேண்டாம்.

கணக்கு: தண்ணி பம்பு 2,400, பெல்ட் 450, மூடி 220, தெர்மோஸ்டாட் 650, ரேடியேட்டர் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய 1,900, ஓஸ் ரெண்டு 780, கூலண்ட் 1,150, கூலி 1,800. மொத்தம் 9,350 ரூபாய். ஹெட் கேஸ்கெட்டைத் தொடவே இல்லை. ஆவி வந்த உடனே எஞ்சினை நிறுத்தியதால்தான் தப்பித்தது என்றார். ஊருக்கே போய்விடலாம் என்று ஓட்டியிருந்தால் ஹெட் வளைந்து, அந்த 38,000 நிஜமாகவே ஆகியிருக்கும். நிறுத்தியது யார்? நாங்கள் அபராதம் போட்ட தங்கச்சிதான்.

எல்லா வண்டிக்கும் இதே நோய் என்று நினைக்கவேண்டாம். எப்போது சூடாகிறது என்று கவனித்தால் பாதி தெரிந்துவிடும். டவுனில் நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ரோட்டில் ஓட ஆரம்பித்தால் இறங்கினால் ஃபேனைப் பார்க்கச் சொல்லுங்க. மேட்டிலும் வேகத்திலும் சூடானால் ரேடியேட்டர் அடைப்போ, தண்ணி ஓட்டமோ, பெல்ட் தளர்ச்சியோ இருக்கும். எடுத்த கொஞ்ச நேரத்திலேயே முள் ஏறி, மேல் ஓஸ் கொதித்து, கீழ் ஓஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். தண்ணி குறைந்து வெளியில் எங்கேயுமே தடயம் இல்லை என்றால் அப்போது கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்.

எஞ்சின் ஓடும்போது குனிந்து பார்க்கிறவர்கள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்க, துப்பட்டா என்றால் கழற்றியே வையுங்க, பின்னலை உள்ளே விடுங்க. பெல்ட் ஒரு நூலைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும். கரண்டில் ஓடும் ஃபேன் உள்ள வண்டிகளில் எஞ்சினை நிறுத்தின பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். கையை விடக்கூடாது.

இன்னொன்று கூலண்ட். இப்போது போர் தண்ணி ஊற்றுவதில்லை. கூலண்டையும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரையும் டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படி கலந்து ஊற்றுகிறோம். அது துருவும் கல்லும் பிடிக்காமல் காக்கும். நடுவழியில் வேறு இல்லை என்றால் எந்த நல்ல தண்ணியும் ஊற்றி வீடு வந்து சேரலாம், வந்ததும் மாற்றிவிடவேண்டும். ஆனால் கூலண்ட் விஷம். பச்சையாக, சிவப்பாக, சர்பத் மாதிரி பார்க்க அழகாக இருக்கும், தித்திக்கவும் செய்யும். குழந்தையோ, நாயோ, ஆட்டுக்குட்டியோ குடித்தால் சிறுநீரகம் போய் உயிருக்கே ஆபத்து. வடித்த கூலண்டைத் திண்ணையில் பேசினில் வைத்துவிட்டுப் போகக்கூடாது, மண்ணிலும் சாக்கடையிலும் கொட்டக்கூடாது. தண்ணி பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. நாங்கள் மூடியுள்ள கேனில் அடைத்து மெக்கானிக்கிடமே கொடுத்தோம்.

வண்டி வந்த வாரத்தில் கூட்டம் போட்டோம். பழைய தீர்மானத்தைக் கிழிக்கலாம் என்று ஒருத்தர் சொன்னார். கிழிக்கக்கூடாது, அது அப்படியே இருக்கட்டும் என்று தங்கச்சியே சொல்லிவிட்டாள். அதனால் அதன் கீழேயே புதுத் தீர்மானம் எழுதினோம். அவள் தண்ணி குறைவதை ரெண்டு கூட்டத்தில் சொன்னாள், குழு காதில் வாங்கவில்லை, தவறு குழுவுடையது, பிடித்தம் ரத்து. 12 பேரும் கையெழுத்துப் போட்டோம். மூத்த அக்கா கட்டுப் போட்ட கையோடு இடது கையால் போட்டார். அந்த மாதம் முழுச் சம்பளமும் கொடுத்தோம். அவள் சிரிக்க இன்னும் ரெண்டு மாதம் ஆச்சு, அதையும் சொல்லிவிடுகிறோம்.

அவளுடைய நோட்டு இப்போது குழுப் பதிவேடுகளில் ஒன்று. தினமும் காலையில் ஆறிய எஞ்சினில் பாட்டில் அளவும், வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து ரேடியேட்டர் அளவும் எழுதுகிறோம். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டு வைக்கிறோம். சொட்டு விழுந்தால் எந்த இடம் என்று பேனாவால் வட்டம் போட்டுவிடுவோம். பம்பு மாற்றிய பிறகு பாட்டிலில் கால் லிட்டர்கூடக் குறையவில்லை. இன்னும் ரெண்டு பேர் ஓட்டப் பழகுகிறார்கள், தங்கச்சிதான் சொல்லிக்கொடுக்கிறாள்.

இன்றைக்கு வந்ததும் அந்த வேனில்தான். வெளியே புளியமரத்தடியில் நிற்கிறது. இப்பவே பார்க்கணும் என்று யாரும் மூடியில் கை வைத்துவிடாதீங்க, நாங்கள் வந்து சேர்ந்து கால் மணிதான் ஆகிறது. சாப்பாடு முடியட்டும். அதற்குள் எஞ்சின் ஆறிவிடும். தங்கச்சி எல்லாவற்றையும் திறந்து காட்டுவாள், நோட்டும் அவளிடம் இருக்கிறது.